ஒரே வெடி

அமெரிக்கச் சமவெளியில் ஓநாய்க்கு உறவான கொயோட்டியைச் சுட, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியோடு போவதை வீம்பு என்பார்கள். அடிபட்ட முயலின் குரலில் ஊதியழைத்தால் மோப்பம் பிடித்தபடி சந்தேகத்தோடு வரும் பிராணி. கிடைப்பதோ ஒரே வெடி. அது புஸ்ஸென்று போய்விட்டால்? பெரும்பாலும் காலை வாருவது துப்பாக்கியின் வயதல்ல, எண்ணெயும் ஈரமும்தான். அதனால்தான் கெட்டிக்கும் முன் வெறுங்குழலில், மருந்தைப் பற்றவைக்கும் ‘கேப்’ என்ற சிறு வெடிமூடியை மட்டும் வெடித்துப் பார்க்கிறார்கள்: தேங்கிய எண்ணெய் எரிந்து, குழல்வாய்க்கு எதிரேயுள்ள புல் அசைந்தால் தீ போகும் வழி திறந்திருக்கிறது. குளிரில் கிடந்த துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், மருந்து நமுத்துப்போகும். கேப்புக்குப் பதிலாக வலுவான 209 ரகப் பிரைமர் வந்தபின் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்றால், நனைந்த மருந்தை அதுவும் நம்பிக்கையாகப் பற்றவைக்காது. வெடிக்கவில்லையென்றாலும் ஒரு நிமிடமாவது குழலைத் திருப்பக் கூடாது, தாமதித்து வெடிப்பதுண்டு.