சேலத்து மலைகளில் பிர்சாவைத் தேட வேண்டாம்

பிர்சா முண்டா பிறந்த நவம்பர் 15ஆம் நாள், 2021 முதல் பழங்குடியினர் பெருமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி நம் மேடைகளில் ஒரு பேச்சு பரவியிருக்கிறது: கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் கல்வராயனிலும் வெள்ளையரை எதிர்த்து ஒரு தலைவன்கூட எழவில்லை, மலையாளிப் பழங்குடிகள் சாதுக்கள். இந்தச் சோம்பல் தீர்ப்பை ஏற்பதற்கில்லை.

1855இல் சந்தால் எழுச்சியின் சித்து, கானு; 1899இல் முண்டா எழுச்சியின் பிர்சா. இவை வாசகர் அறிந்தவை. மகாசுவேதா தேவியின் நாவலும் ரணஜித் குகாவின் ஆய்வும் அந்த எழுச்சிகளை நம் மனத்தில் நிலைநிறுத்தின. ஆனால் அவற்றைப் படித்த பிறகு வில், சபதம், சிறைச்சாவு இவையிருந்தால்தான் எதிர்ப்பு என்று நம்பத் தொடங்கிவிட்டோம். தெற்கில் இந்த நம்பிக்கை பலரை மறைத்தது. 1802இல் வயநாட்டின் பனமரம் கோட்டையைத் தாக்கிய குறிச்சியர் தலைவர் தலக்கல் சந்து, பழசி ராஜாவின் நிழலிலேயே நிற்கிறார். 1922 ராம்பா கிளர்ச்சி என்றதும் அல்லூரி சீதாராம ராஜுவைச் சொல்கிறோம். அவர் பழங்குடியல்லர்; உடன் நின்று போரிட்ட கண்டம் தோராவையும் மல்லு தோராவையும் யார் நினைக்கிறார்கள்? சேலத்திலோ, தலைவன் இல்லை என்ற குறையை நிரப்ப, 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையை அழைக்கிறார்கள். அவர் பெருவீரர், ஐயமில்லை. ஆனால் அது கொங்குச் சமவெளியின் கதை.

மலைகளின் கதை வேறு. 1792இல் திப்புவிடமிருந்து சேலமும் பாரமகாலும் கம்பெனிக்கு வந்தன. 1820களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையின் ஏற்காட்டில் காப்பியைப் புகுத்தினார். பின்னால் தோட்டதுரைகள் வந்தார்கள். கல்வராயனோ 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்தது. பக்கத்துப் பக்கத்து மலைகளுக்கு வெவ்வேறு எசமானர்கள். எல்லோரும் ஒரே எதிரியைக் குறிவைத்துத் திரள வழியில்லாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மலைகளைச் சூழ்ந்தது 1882 சென்னை வனச் சட்டம். ராம்பா மலைகளைக் கொதிக்க வைத்த அதே சட்டம். காப்புக்காடு என்று கோடு கிழித்த இடத்தில் புனம் எரித்துச் சாமையும் தினையும் விதைப்பது குற்றம். அனுமதியில்லாமல் மாடு மேய்த்தால், விறகு வெட்டினால் குற்றம். மாகாணமெங்கும் குமுறல் பெருகி, கடைசியில் அரசே ஒரு வனக் குழுவை அமைக்க நேர்ந்தது. 1913இல் அதன் அறிக்கை வந்தது. தடைக்குப் பிறகும் விதைத்தவனையும் மாட்டை ஓட்டிச் சென்றவனையும் அரசு குற்றவாளி என்று எழுதியது. அவர்களைப் போராளிகள் என்று எழுத நமக்கு ஏன் இத்தனை தயக்கம்?

வெள்ளையர் போன பின்பும் வனத்துறையின் அதிகாரம் நீடித்தது. 1965 வரை சேலம் மாவட்டத்திலிருந்த அரூர்ப் பகுதியின் வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று சந்தன மரச் சோதனை என்ற பெயரில் மலையாளி மக்கள் மீது நடந்த கொடுமையை நாடறியும். கொடுமைக்கு ஆளான பெண்கள் நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார்கள். 2011இல் வந்த தீர்ப்பு, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது; 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சேலத்து மலைகளின் எதிர்ப்பு வரலாற்றில் இதைவிடப் பெரிய வெற்றி எது?

சேலம், நாமக்கல் ஆய்வு மாணவர்களே, சிலைக்கு ஆள் தேடுவதை விடுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வனத்துறைக் கோப்புகளைப் பிரியுங்கள். கொல்லிமலையின் வளப்பூர் நாட்டிலும் குண்டூர் நாட்டிலும் முதியவர்கள் இருக்கும்போதே, அபராதம் கட்டிய பாட்டன்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள்.