பார் விளையாட்டுச் சிறுவன் ராபின்

பேட்மேனின் இளம் துணைவன் ராபின், 1940இல் அமெரிக்காவின் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 38ஆம் இதழில் அறிமுகமானான். பில் ஃபிங்கர், பாப் கேன், ஜெர்ரி ராபின்சன் ஆகியோரின் படைப்பு அவன். இயற்பெயர் டிக் கிரேசன். சர்க்கஸில் தாய் தந்தையருடன் பார் விளையாடியவன். சர்க்கஸ் முதலாளியை மிரட்டிப் பணம் பறிக்க முயன்ற ரவுடித் தலைவன் ஸூக்கோவின் கும்பல் கயிறுகளில் அமிலத்தைத் தடவியது. ஆட்டத்தின் நடுவே கயிறு அறுந்து பெற்றோர் மாண்டனர்.

சிறுவயதில் அதேபோலப் பெற்றோரைக் கொலைக்குப் பறிகொடுத்த புரூஸ் வெய்ன், அதாவது பேட்மேன், அவனை அரவணைத்தார்; மெழுகுவர்த்தி ஒளியில் உறுதிமொழி ஏற்கச் செய்து பயிற்சியும் அளித்தார். பெற்றோர் கற்றுத்தந்த வித்தையே ராபினின் ஆயுதமாவது இக்கதையின் பேரழகு. மகனின் ஒவ்வொரு தாவலிலும் அவர்கள் வாழ்கிறார்கள். துயரம் வெறும் பழிவாங்கலாகச் சுருங்காமல் பிறரைக் காக்கும் கடமையாக வளர்கிறது. ஸூக்கோ பிடிபட்ட பின்னும் சிறுவன் சர்க்கஸுக்குத் திரும்பாமல் அந்தக் கடமையையே தேர்ந்துகொள்கிறான்.