பழைய மெட்டும் புதிய கால்களும்

டிஸ்னிலாந்தின் சனிக்கிழமை இரவு நடனத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "குழந்தைகள் ராட்டினம் சுற்றுகிற இடத்துக்கெல்லாம் விமர்சனமா?" என்று கேட்டார். கேட்கட்டும். ஒரு கலை எதுவரை உயிரோடு இருக்கிறது, எந்த இடத்தில் வெறும் ஞாபகமாகிப் போகிறது என்ற சந்தேகம் கதை எழுதுகிறவனுக்கும் உண்டு, கச்சேரி செய்கிறவருக்கும் உண்டு. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்ள ராட்டினங்களின் நடுவே ஒரு நல்ல இடம் இருந்தது.

கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் வால்ட் டிஸ்னி தம்முடைய கேளிக்கைப் பூங்காவைத் திறந்தது 1955-ம் வருஷம் ஜூலை 17-ம் தேதி. அடுத்த வருஷம் ஆகஸ்டில், பூங்காவின் நடுவிலுள்ள கோட்டைக்குப் பக்கத்தில், சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் போட்ட கூடாரக் கூரையின் கீழ் ஒரு மேடையும் அதன் முன்னால் ஓர் ஆடுதளமும் அமைந்தன. கார்னேஷன் என்ற பால் கம்பெனியின் பெயரைத் தாங்கி, கார்னேஷன் பிளாஸா கார்டன்ஸ் என்று அது வழங்கியது. பகலில் ஐஸ்கிரீம், இரவில் நடனம். 1957 கோடையில் 'டேட் நைட்' என்று வாலிப ஜோடிகளை அழைத்தார்கள். எலியட் சகோதரர்களின் வாத்தியக் குழு வாசித்தது. பின்னர் பென்னி குட்மன், கவுண்ட் பேஸி, டியூக் எலிங்டன் போன்ற பெரிய வித்வான்களே அந்தச் சின்ன மேடையில் ஏறி வாசித்திருக்கிறார்கள். இதெல்லாம் ஸ்விங் என்ற சங்கீதம்: பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், கிளாரினெட் என்று ஊதித் தள்ள, பின்னால் டிரம் வாத்தியம் காலைச் சும்மா இருக்க விடாது.

ஆனால் தேதிகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஸ்விங் அமெரிக்காவை ஆண்டது 1935-லிருந்து ஏறக்குறையப் பத்து வருஷந்தான். 1942 ஆகஸ்டில் வாத்தியக்காரர்களின் சங்கம் இசைத்தட்டுக்கு வாசிப்பதில்லை என்று வேலை நிறுத்தம் செய்தது. அது இரண்டு வருஷத்துக்கு மேல் நீண்டது. அந்த இடைவெளியில் பாடகர்கள் முன்னுக்கு வந்து விட்டார்கள். 1944-ல் சர்க்கார், நடனம் நடக்கும் கேளிக்கை விடுதிகளின் மீது நூற்றுக்கு முப்பது என்று வரி போட்டது. அதை இருபதாகக் குறைத்த பிறகும் பல விடுதிக்காரர்கள் ஆடுதளத்தில் மேஜை நாற்காலிகளைப் போட்டுக் கொண்டார்கள். அதே 1944 டிசம்பரில், ஜனங்கள் மிகவும் கொண்டாடிய கிளென் மில்லர், இங்கிலீஷ் கால்வாயின் மேல் விமானத்தோடு காணாமற் போனார். 1946 முடிவதற்குள் பெயர் பெற்ற குழுக்கள் பல கலைந்து விட்டன. ஆக, டிஸ்னிலாந்தில் கூடாரம் போட்டபோது அந்தச் சங்கீதம் அஸ்தமித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. 1956-லேயே கிளென் மில்லரின் பெயரில், அவரில்லாமல், அவருடைய பாணியில் ஒரு குழுவைப் புதிதாகச் சேர்த்து ஊர் ஊராக அனுப்பினார்கள். யுத்த காலத்தில் இருபது வயதில் ஆடியவர்களுக்கு இப்போது முப்பத்து நாலு. பகலில் தங்கள் குழந்தைகளைப் பூங்காவுக்குக் கூட்டி வருகிறவர்களே அவர்கள்தான்! வால்ட் டிஸ்னி கெட்டிக்காரர். குழந்தைக்கு ராட்டினத்தை விற்று, தகப்பனுக்கு அவனுடைய இருபதாவது வயதை விற்றார்.

அதனால் அந்த இடத்தில் 'பழைய நினைவு' என்ற சரக்கு பிற்பாடு வந்து சேர்ந்ததல்ல. அஸ்திவாரத்திலேயே இருந்தது. இதை மனத்தில் வைத்துக் கொண்டுதான் 2011 கோடையில் ஒரு சனிக்கிழமை மாலை நான் அங்கே போனேன். குறை சொல்லத் தயாராகவே போனேன் என்று ஒப்புக் கொள்கிறேன்.

குறை சொல்லச் சந்தர்ப்பமும் உடனே கிடைத்தது. மேடையில் வாத்தியக்காரர்கள் ஒரே மாதிரி கோட்டு அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். 'இன் தி மூட்' வந்தது, வராமல் இருக்குமா? அதில் இரண்டு சாக்ஸபோன்காரர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்வதுபோல் வாசிக்கும் ஒரு கட்டம் உண்டு. 1939 ஆகஸ்டு முதல் தேதி மில்லர் குழு இசைத்தட்டில் பதித்தபோது டெக்ஸ் பெனக்கியும் அல் கிளிங்க்கும் வாசித்த கட்டம் அது. அன்று அவர்களுக்குத் தோன்றியதை வாசித்தார்கள். என் முன்னால் இருந்தவர்கள் அதையே, மூச்சு விடும் இடம் உட்பட, அப்படியே வாசித்தார்கள். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. அந்தப் பிசகாமைதான் என்னை உறுத்தியது.

இந்த மெட்டின் ஜாதகத்தையும் சொல்லி விடுகிறேன், சுவாரஸ்யமானது. இதன் மூலப் பிடி 1930-ல் விங்கி மனோன் என்பவரின் தட்டில் இருக்கிறது. அடுத்த வருஷம் பிளெட்சர் ஹெண்டர்ஸனின் குழு அதை வேறு பெயரில், வேறு நடையில் வாசித்தது. பிறகு ஜோ கார்லண்ட் அதை எடுத்து விரித்தார். கைக்குக் கை மாறி, மாறின கையில் எல்லாம் புது உருவம் பெற்று ஒன்பது வருஷம் திரிந்த மெட்டு அது. மில்லரின் தட்டு லட்சக் கணக்கில் விற்றது. அன்றோடு அதன் வளர்ச்சி நின்றது. அதற்குப் பிறகு ஜனங்கள் கேட்டது மெட்டை அல்ல, தட்டை. மனோதர்மத்தில் பிறந்த சங்கீதத்தை எழுதி வைத்துப் படிப்பதென்றால், அதற்குக் கச்சேரி எதற்கு? கிராமபோன் பெட்டியே போதுமே! பழைய நினைவுக்காகக் கூடும் இசை இரவுகள் எங்கு நடந்தாலும் அவற்றின் வியாதி இதுதான். கேட்கிறவர் மாற்றத்தை மன்னிக்க மாட்டார். வாசிக்கிறவர் அவருக்குப் பயப்படுவார்.

இப்படி மனத்துக்குள் தீர்ப்பு எழுதிக் கொண்டிருந்தபோது மேடையை விட்டுத் தளத்தைப் பார்த்தேன்.

எண்பது வயதிருக்கும் ஒரு கிழவர், கால் சராய்க்குத் தோள் பட்டி போட்டவர், ஒரு பெண்ணோடு ஆடிக் கொண்டிருந்தார். அவளுக்கு இருபத்தைந்துக்கு மேல் இராது. கையில் பச்சை குத்தியிருந்தது, காலில் கான்வாஸ் ஜோடு. உறவில்லை, அறிமுகம்கூட அப்போதுதான் என்று தோன்றியது, ஆட்டம் முடிந்ததும் பெயரைக் கேட்டுக் கொண்டார்கள். கிழவருக்கு எட்டி வைக்க முடியவில்லை. ஓரடிக்குள் காலை மாற்றிக் கொண்டார். அந்தப் பெண் அதைப் புரிந்து கொண்டு தன் வீச்சைப் பாதியாக்கிக் கொண்டாள். டிரம் தனியாக ஒலிக்கும் ஓர் இடம் வந்தது. எல்லாரும் சுழல்கிற அந்த இடத்தில் கிழவர் சட்டென்று நின்று விட்டார். நாலு தட்டு முழுவதும் அசையாமல் நின்றார். ஐந்தாவதில் ஒரு விரலை மட்டும் தூக்கினார். அவள் சிரித்துக் கொண்டே அந்த விரலைச் சுற்றி வந்தாள்.

1939-ன் தட்டில் இது கிடையாது. யாரும் எழுதி வைக்கவில்லை. முழங்கால் வலியும் முதுமையும் தாளஞானமும் சேர்ந்து அந்த நிமிஷத்தில் பிறந்தது. மேடைமேல் பிரேதமாகி விட்டது என்று நான் தீர்மானித்திருந்த மனோதர்மம் கீழே, சம்பளம் வாங்காதவர்களிடம், சௌக்கியமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் காரணமும் புரிகிறது. சங்கீதத்தைத் தட்டில் பிடிக்கலாம். ஆட்டத்தை, அதிலும் ஜோடி ஆட்டத்தை, அப்படிப் பிடித்து வைத்துத் திருப்பி ஆட முடியாது. கையைப் பிடித்துக் கொண்டிருக்கும் மனிதர் இன்று யாரோ அவரைப் பொறுத்து ஆட்டம் மாற வேண்டும். லிண்டி ஹாப் என்ற இந்த ஆட்டத்தின் அமைப்பே அப்படிப்பட்டது. பழைய பாணி நடனங்களில் ஆணும் பெண்ணும் ஒட்டியே சுற்ற வேண்டும். இதில் எட்டுத் தட்டுக்கு ஒரு முறை கையை விட்டு விலகி, இருவரும் எதிரெதிரே தனித்தனியே எதையாவது செய்து விட்டுத் திரும்பி வந்து சேர வேண்டும். அந்த 'எதையாவது'க்கு இலக்கணம் இல்லை.

இந்த ஆட்டம் எங்கே பிறந்தது என்று டிஸ்னிலாந்தின் கூடாரத்தில் யாரும் சொல்லவில்லை. நியூயார்க்கில் ஹார்லம் பகுதியில், லெனாக்ஸ் அவென்யூவில், 1926 மார்ச்சு 12-ம் தேதி திறந்த சவாய் நடன மண்டபத்தில் வளர்ந்தது அது. கறுப்பர்களும் வெள்ளைக்காரர்களும் ஒரே தளத்தில் ஆடலாம் என்றிருந்த மிகச் சில இடங்களில் அது ஒன்று. அங்கே 1935-ல் ஒரு போட்டியில் பிரான்கி மானிங் என்ற இருபத்தோரு வயது இளைஞர் தம் ஜோடியை முதுகின் மேல் புரட்டிக் காற்றில் தூக்கி இறக்கினார். அதுவரை யாரும் செய்யாத காரியம். 1941-ல் வந்த 'ஹெல்ஸாபாப்பின்' என்ற சினிமாவில் அவரும் அவருடைய கூட்டத்தாரும் ஆடுவதை இன்றும் பார்க்கலாம். பார்த்தால் மூச்சு நின்று விடும். ஆனால் அவர்கள் எந்த வேஷத்தில் ஆடுகிறார்கள்? சமையற்காரன், வேலைக்காரி, மெக்கானிக் வேஷத்தில்! உலகத்திலேயே முதல்தரமான ஆட்டக்காரர்களுக்கு ஹாலிவுட் கொடுத்த உடுப்பு அது.

யுத்தத்துக்குப் பின் ஆட்டத்துக்குக் கிராக்கி போயிற்று. மானிங் தபாலாபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். சுமார் முப்பது வருஷம் அங்கே உழைத்தார். 1958-ல் சவாய் மண்டபம் மூடப்பட்டு, பிறகு இடித்துத் தள்ளப்பட்டது. 1986-ல், அனஹைமிலிருந்து அதிக தூரமில்லாத பாஸடேனாவிலிருந்து இரண்டு இளம் நடனக்காரர்கள் அவரைத் தேடிக் கொண்டு நியூயார்க் போனார்கள். எழுபத்திரண்டு வயதில் அவர் மறுபடி காலைத் தூக்கினார். 2009-ல், தொண்ணூற்றைந்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது காலமாகும் வரை, தேசம் தேசமாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். கலிபோர்னியாவின் தென்பகுதியில் ஸ்விங் ஆடுகிறவர்கள் ஒரு தலைமுறை புதிதாகக் கிளம்பியதற்கு இந்தச் சந்திப்பு ஒரு முக்கியமான காரணம். கான்வாஸ் ஜோடு போட்ட அந்தப் பெண் கிழவரின் விரலைப் புரிந்து கொண்டது ஆகாசத்திலிருந்து விழுந்த ஞானமல்ல. யாரோ ஒருவர் மறக்காமல் வைத்திருந்து கொடுத்தது.

பூங்காவைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். யார் யாருடன் ஆடலாம் என்பதில் டிஸ்னிலாந்துக்குத் தனிச் சட்டம் இருந்தது. 1980 செப்டம்பரில் இரண்டு வாலிபர்கள் சேர்ந்து ஆடியதற்காக அவர்களைக் காவலாளிகள் வெளியேற்றினார்கள். வழக்கு நடந்தது, 1984-ல் ஜூரிகள் பூங்காவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். நான் போன இரவில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஆடினார்கள், இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினார்கள், ஒரு பாட்டி தன் பேத்தியோடு ஆடினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய காலத்தைக் கொண்டாடும் இடத்தில் பழைய காலம் கொஞ்சங்கூட அனுமதிக்காத காரியங்கள் நடந்து கொண்டிருந்தன. மேடையில் 1939, தளத்தில் 2011. இரண்டும் ஒரே தாளத்தில்.

இதற்காக நான் மேடைக்காரர்களை மன்னித்து விட்டேன் என்று எண்ண வேண்டாம். தளத்தில் இவ்வளவு துணிச்சல் இருக்கும்போது மேடைக்கு ஏன் பயம் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. சாக்ஸபோன்காரர் ஒரு தடவை கண்ணைத் திறந்து அந்தக் கிழவரைப் பார்த்திருந்தால், அவருடைய நாலு தட்டு மௌனத்துக்குத் தாமும் ஒரு பதில் வாசித்திருக்கலாம். சவாய் மண்டபத்தில் அப்படித்தான் நடக்குமாம். சிக் வெப் டிரம்மில் உட்கார்ந்தால், ஆட்டக்காரரின் காலைப் பார்த்து அடிப்பார். சங்கீதமும் ஆட்டமும் அங்கே ஒன்றுக்கொன்று சவால் விட்டன. இங்கே ஒன்று வேலை செய்தது, மற்றது விளையாடியது.

நுழைவுக் கட்டணத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சவாய்க்குள் போக ஒரு டாலர்கூட வேண்டாம். டிஸ்னிலாந்துக்கு 2011 கோடையில் ஒரு நாள் டிக்கெட் எண்பது டாலர். உள்ளூர்க்காரர்கள் பலர் வருஷ டிக்கெட் வாங்கிக் கொண்டு, ராட்டினம் எதையும் ஏறெடுத்துப் பாராமல், நேரே கூடாரத்துக்கு வந்து ஆடி விட்டுப் போவார்கள். பூங்காவின் கணக்குப் பிள்ளைகளுக்கு இவர்கள் உவப்பான விருந்தாளிகளாக இருந்திருக்க முடியாது என்பது என் ஊகம். ஆடுகிறவன் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பான். பொம்மை வாங்க மாட்டான்.

2012 ஏப்ரல் முடிவில் அந்தக் கூடாரத்தை மூடினார்கள். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்த இடம். கடைசிச் சனிக்கிழமையில் நல்ல கூட்டம். 2013 மார்ச்சு 12-ம் தேதி அதே இடத்தில் இளவரசிகளைக் குழந்தைகள் சந்திக்கும் 'ஃபேண்டஸி ஃபேர்' திறந்தது. தற்செயலாகச் சவாய் திறந்த அதே தேதி. அங்கே ராயல் தியேட்டர் என்ற சிறு அரங்கு வந்தது. சனிக்கிழமை இரவுகளில் ஸ்விங் நடனமும் அங்கே திரும்பி வந்தது, 'ராயல்' என்ற அடைமொழியுடன். ஹார்லத்துப் பிள்ளைகளின் ஆட்டம் ராஜசபை ஆட்டமாகி விட்டதே என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நினைத்துக் கொண்டேன்: எலிங்டன் 'டியூக்' என்றும் பேஸி 'கவுண்ட்' என்றும் பட்டம் சூடியபோது அவர்களுக்கு எந்த அரண்மனை பத்திரம் எழுதிக் கொடுத்தது?