முந்தின வசனத்தையும் படியுங்கள்

டிசம்பர் 31 ராத்திரி எந்த சர்ச் பக்கமாவது போயிருக்கிறீர்களா? போயிருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். மணி பன்னிரண்டு அடித்து, எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்து முடித்ததும், ஒரு தட்டு வரும். தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகள். ஆளுக்கு ஒன்று, அதில் ஒரு பைபிள் வசனம். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர்கள் உண்டு. அடியிலிருந்து உருவுகிறவர்கள் உண்டு. அங்கே பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் ஜெபம் பண்ணிவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அப்புறம் வருஷம் பூரா அது பர்ஸில் இருக்கும், அல்லது பீரோ கதவில் ஒட்டியிருக்கும். கடவுள் இந்த வருஷம் எனக்கென்று சொன்ன வார்த்தை!

எனக்கு இதெல்லாம் தெரிந்தது ஒரு அண்ணாச்சி மூலமாக. ஆபீஸில் எனக்கு சீனியர், நாசரேத்துக்காரர். ஒரு வருஷம் அவருடைய அப்பாவுக்கு 91ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் விழுந்தது. நீண்ட ஆயுசைத் தருவேன் என்று கடவுள் சொல்கிற இடம். வீடே சந்தோஷப்பட்டது. மார்ச் மாதம் அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்து பெரியவரின் பைபிளைத் திறந்தால், உள்ளே அந்த அட்டை.

லீவு முடிந்து வந்ததும் அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, நீங்க வெளியாளு. பி.காம். வேற படிச்சிருக்கீய. சொல்லுங்க, இது என்ன கணக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் கணக்குப் பேசக் கூடாது. ஆனால் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் இந்த வாரம் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

புத்தகத்தின் பெயர் லோசுங்கன். ஜெர்மன் வார்த்தை. காவல்காரர்கள் ராத்திரியில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளச் சொல்லும் ரகசிய வார்த்தை இருக்கிறதல்லவா, அதுதான் அர்த்தம். நான் படித்தது ஆங்கிலப் பதிப்பு. நாளுக்கு இரண்டு வசனம், கூடவே ஒரு பாட்டு வரியோ சின்ன ஜெபமோ. அவ்வளவுதான். விளக்கம் கிடையாது, கதை கிடையாது, 'வெற்றிக்கு ஏழு படிகள்' கிடையாது. ஒரு பஞ்சாங்கம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் 1731இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் வந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில்.

பிறந்த கதை சுவாரஸ்யமானது. மொரேவியாவில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த சிலர், ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் என்ற பிரபுவின் நிலத்தில் 1722இல் ஒரு குடியிருப்பு போட்டார்கள். பெயர் ஹெர்ன்ஹூட். 1728ஆம் வருஷம் மே 3ஆம் தேதி, சாயங்காலப் பாட்டுக் கூட்டத்தில் பிரபு மறுநாளைக்கென்று ஒரு வாசகம் சொன்னார். அதிலிருந்து தினமும் காலையில் ஒரு ஆள் அங்கே இருந்த 32 வீடுகளுக்கும் போய் அன்றைய வாசகத்தைச் சொல்லிவிட்டு வருவது வழக்கமானது. பேப்பர் போடுகிற பையன் மாதிரி. வாசகம் சொல்லப் போகிறவர் அப்படியே வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் மனசு சரியில்லை என்றும் பார்த்துவிட்டு வருவார். இந்த ஹெர்ன்ஹூட்காரர்கள் 1760இல் நிகோபார் தீவுகளுக்குப் போகிற யோசனையோடு நம்ம தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியிருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த வசனங்களும் சீட்டுக் குலுக்கல்தான். ஹெர்ன்ஹூட்டில் சுமார் 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் கூடி, நாள் ஒன்றுக்கு ஒரு சீட்டாக எடுக்கிறார்கள். அதுவும் மூன்று வருஷம் முன்கூட்டியே. அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் குலுக்குவதில்லை. மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

'அப்ப நம்ம அட்டைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?' என்று கேட்பீர்கள். எனக்கு மூன்று தெரிகிறது.

ஒன்று, இது உங்களுக்கு மட்டும் விழுந்த சீட்டு இல்லை. இன்றைய வசனம் பெர்லின் பாட்டிக்கும், ஆப்பிரிக்காவின் பள்ளிக்கூட வாத்தியாருக்கும், உங்களுக்கும் ஒன்றேதான். 'எனக்கு என்ன வந்திருக்கு?' என்ற கேள்விக்கே இடமில்லை. 'நமக்கு என்ன வந்திருக்கு?' என்றுதான் கேட்க முடியும்.

இரண்டு, இது இனிப்பு மட்டும் கொடுப்பதில்லை. அட்டைகளில் ஆசீர்வாதம் உண்டு, கண்டிப்பு உண்டா? நான் பார்த்தவரை இல்லை. வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் பற்றுப் பக்கத்தைக் கிழித்துப் போட்ட பேரேடு அது. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். லோசுங்கனில் சில நாள் காலையில் காபியோடு சேர்த்துக் குட்டும் கிடைக்கும்.

மூன்றாவதுதான் பெரிசு. அந்தக் காலத்து மொரேவியர்கள் சீட்டை ரொம்ப நம்பினார்கள். யார் எங்கே ஊழியத்துக்குப் போவது, யார் யாரைக் கல்யாணம் பண்ணிக்கொள்வது என்பதற்குக்கூடச் சீட்டு போட்டார்கள்! 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பழக்கம் அவர்களிடமே மெல்ல மெல்ல ஒழிந்தது. ஆனால் தினசரி வசனத்தை மட்டும் விடவில்லை. ஒரு சபை தன் அனுபவத்தில் கண்டுபிடித்த உண்மையாக இதைப் பார்க்கிறேன். வாழ்க்கையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று சீட்டு சொல்லாது. திரும்பிய பக்கம் நடப்பதற்குத் தெம்பு வேண்டுமே, அதற்குத் தினம் ஒரு வார்த்தை உதவும்.

இதை வாழ்ந்து பார்த்த ஒருவரைச் சொல்ல வேண்டும். டீட்ரிச் போன்ஹோஃபர். ஜெர்மன் பாதிரியார், ஹிட்லரை எதிர்த்தவர். 1939 ஜூனில், யுத்தம் வரப்போகிறது என்று தெரிந்த நிலையில், நண்பர்கள் அவரை நியூயார்க்குக்கு வரவழைத்துவிட்டார்கள். வேலை தயார், பாதுகாப்பு தயார். ஆனால் மனுஷனுக்குத் தூக்கம் வரவில்லை. ஊரில் ஜனங்கள் கஷ்டப்படும்போது நான் இங்கே என்ன செய்கிறேன்? கையில் லோசுங்கன். ஜூன் 20ஆம் தேதி, அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறார்.

அன்றைய டைரியைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். 'கடவுள் பச்சைக் கொடி காட்டிவிட்டார்' என்று எழுதவில்லை. தன் முடிவுகளுக்கான உண்மையான காரணம் தனக்கே தெளிவாகத் தெரிவதில்லை என்று எழுதுகிறார். அன்றைய வசனம் ஆறுதலே இல்லை, கடவுளின் தீர்ப்பைப் பற்றிய கடுமையான வசனம் என்கிறார். என் முடிவில் எவ்வளவு பயம், எவ்வளவு சொந்த ஆசை கலந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும், இரக்கத்தோடு தீர்ப்பு சொல்லட்டும் என்று முடிக்கிறார். ஆறு நாள் கழித்து, தற்செயலாக பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதம் கண்ணில் படுகிறது. குளிர்காலம் தொடங்குமுன் என்னிடம் வந்து சேர் என்று பவுல் கூப்பிடுகிற இடம். அது நாள் முழுக்க அவரைத் துரத்துகிறது. ஜூலை முதல் வாரம் கப்பலேறிவிட்டார்.

கவனியுங்கள். முடிவு முதலில் எடுத்தாயிற்று. துரத்திய வசனம் பிறகுதான் வந்தது. அந்த வசனமும் 'போனால் ஜெயிப்பாய்' என்று சொல்லவில்லை, 'வா' என்று மட்டும் சொன்னது. போனார். 1943 ஏப்ரலில் கைதானார். சிறையிலும் அந்தச் சின்னப் புத்தகம் கூடவே இருந்தது. 1945 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை, கூட இருந்த கைதிகள் ஆராதனை நடத்தச் சொன்னார்கள். கைதிகளில் கடவுள் நம்பிக்கை இல்லாத சோவியத் அதிகாரி ஒருவர் இருந்ததால் போன்ஹோஃபர் தயங்கினார். அவரும் சம்மதித்த பிறகுதான் அன்றைக்குரிய வசனங்களை எடுத்துப் பேசினார். முடிந்த கையோடு வந்து கூட்டிப் போனார்கள். மறுநாள் விடியற்காலையில் ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கு. வயது 39.

அட்டைக் கணக்கில் பார்த்தால் இது சுத்த நஷ்டம். அவருக்கு வந்த 'வழிநடத்துதல்' அவரைத் தூக்குமேடைக்கல்லவா கொண்டுபோனது? ஆனால் அந்த மனிதர் கேட்டது லாபத்துக்கு கேரண்டி இல்லை. அன்றைய பொழுதை நேர்மையாகக் கடக்கத் தெம்பு. அது கடைசி நாள் வரை கிடைத்திருக்கிறது என்றுதான் தெரிகிறது.

லோசுங்கனிலும் குறை உண்டு. அதுவும் வசனத்தைக் கத்தரித்துத்தான் கொடுக்கிறது. 1,800ஐத் தேர்ந்தெடுத்ததும் மனிதர்கள்தானே. அதனால் எந்தப் புத்தகமாக இருந்தாலும், அட்டையாக இருந்தாலும், நான் சிபாரிசு செய்கிற வைத்தியம் ஒன்றுதான்: முந்தின வசனத்தையும் படியுங்கள்.

உதாரணம் தருகிறேன். அட்டைகளின் சூப்பர் ஸ்டார் எரேமியா 29:11. உங்கள் எதிர்காலத்துக்கு நல்ல திட்டம் வைத்திருக்கிறேன் என்று கடவுள் சொல்வது. பத்தாவது வசனம் என்ன? பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகு! கேட்டவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஸ்டார் பிலிப்பியர் 4:13. எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்பது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பேனாவில் சுற்றி வைத்துக்கொள்வார்கள். முந்தின வசனத்தில் பவுல் பேசுவது ஜெயிப்பதைப் பற்றி அல்ல. பட்டினியாக இருக்கவும் தெரியும், வயிறார இருக்கவும் தெரியும் என்கிறார். எழுதிய இடம் சிறை. பெலன் என்று அவர் சொன்னது, ஜெயிக்காவிட்டாலும் தாங்கிக்கொள்வதை.

கடைசியாக 91ஆம் சங்கீதம். அண்ணாச்சியின் அப்பாவுக்கு வந்தது. அதே சங்கீதத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, 'குதி, தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள்' என்று கோயில் உச்சியில் ஒருவரைத் தூண்டிய கதை மத்தேயு நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. தூண்டியது சாத்தான். தூண்டப்பட்டவர் இயேசு. அவர் குதிக்கவில்லை. வசனத்தை வைத்துக் கடவுளைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் ஒரு நாள், ரொம்ப நாள் கழித்து, டீக்கடையில் அண்ணாச்சியிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயம். அவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கப்பா அந்தச் சங்கீதத்த முழுசா தெனமும் வாசிப்பாவ தம்பி. கடைசி நாள் ஆஸ்பத்திரியிலயும் என்னைய வாசிக்கச் சொன்னாவ. பயமே இல்ல அவங்களுக்கு. பயந்ததெல்லாம் நாங்கதான்" என்றார்.

அந்த வருஷக் கடைசியிலும் அவர் அட்டை எடுத்தார். என்ன வந்தது என்று கேட்டேன். அட்டையைக் காட்டவில்லை. "அதிகாரத்த இன்னும் முழுசா வாசிக்கல தம்பி, வாசிச்சிட்டுச் சொல்லுதேன்" என்றார்.

நீங்கள் தட்டிலிருந்து எடுப்பவராக இருந்தால், எடுங்கள். தப்பே இல்லை. ஆனால் பர்ஸில் வைப்பதற்கு முன்னால் அந்த அதிகாரத்தை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும்.