நோவின் மொழியும் கேளாச் செவியும்

காதலுக்கும் பிரிவுக்கும் மரணத்துக்கும் இலக்கியத்தில் கிடைத்த இடம் உடல் நோவுக்குக் கிடைக்கவில்லை. இக்குறையை ஆங்கில எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃப் 1926ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். நோயுற்றிருத்தல் பற்றிய அவரது கட்டுரை ரி. எஸ். எலியட் நடத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. ஹம்லெற்றின் சிந்தனையையும் லியர் மன்னனின் அவலத்தையும் சொல்லவல்ல ஆங்கில மொழி, ஒரு தலையிடியைச் சொல்ல முற்படும்போது வரண்டு போகின்றது என்பது அவர் வாதம். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின் பின், 1985இல், அமெரிக்கப் பேராசிரியை எலேன் ஸ்காரி நோவுறும் உடலைப் பற்றிய தமது நூலில் இவ்வாதத்தை மேலும் கொண்டு சென்றார். நோவு மொழிக்கு எட்டாதது மட்டுமன்று, மொழியையே அழித்துவிடுவது என்றார் அவர்.

நோவைப் பற்றி எழுதுவோர் இவ்விருவரையும் மீண்டும் மீண்டும் துணைக்கழைப்பதை இன்று காண்கின்றோம். ஆதலின் இவர்களது கருத்தை மதிப்போடும் விழிப்போடும் ஆராய்தல் அவசியமாகின்றது. குறை மொழியிலா இருக்கின்றது, அன்றி அம்மொழியைக் கேட்க வேண்டிய சமுதாயத்திலா என்பதே நாம் எழுப்பும் வினா.

வூல்ஃப் காட்டும் நோயாளர், நிமிர்ந்து நடப்போரின் கூட்டத்தினின்று விலகிப் படுக்கையில் கிடந்து வானத்தை நோக்குபவர். அழகான காட்சிதான். ஆனால் அந்தப் படுக்கை யாருக்கு வாய்க்கும்? பிறர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் பெண்ணுக்கு உடலெங்கும் நோவு கண்டாலும், மறுநாட் காலையில் அவள் நிமிர்ந்தே நடக்கவேண்டும். வானத்தை நோக்க அவளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை இல்லை. வூல்ஃப் நோயைப் பொது மனித அனுபவமாகக் கண்டார். அவ்வனுபவத்துக்குள்ளும் வர்க்கம் இருப்பதை அவர் போதிய அளவு காணவில்லை.

ஸ்காரியின் நூல் இதனினும் ஆழமானது. சித்திரவதையையும் போரையும் ஆராய்ந்து, ஒரு மனிதனின் நோவை அதிகாரம் தன் வலிமைக்குச் சான்றாக மாற்றிக்கொள்ளும் முறையை அவர் அம்பலப்படுத்துகின்றார். மார்க்சின் எழுத்துக்களையும் விரிவாக எடுத்து நோக்குகின்றார். நோவுறுபவருக்கு அதைவிட உறுதியான உண்மை வேறில்லை, கேட்பவருக்கோ அதைவிட ஐயத்துக்குரியது வேறில்லை என்ற அவரது கருத்து மிகவும் பெறுமதியானது. எனினும் அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டது ஆயுதமும் காயமும் உள்ள நோவையே. ஆயுதமும் காயமும் இல்லாத நோவின் கதி என்ன?

ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நோய் இவ்வினாவுக்கு உரைகல். உடல் முழுவதும் பரவிய நோவு, துயின்றெழுந்தும் தீராத களைப்பு, சிந்தனை மந்தம் ஆகியன இதன் குறிகள். இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்-றே படமோ இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. நோயாளருள் பெண்களே அதிகமாக இனங்காணப்படுகின்றனர். 1990இல் அமெரிக்க வாதநோய் நிபுணர் கல்லூரி வகுத்த அளவுகோலின்படி, உடலின் 18 இடங்களை விரலால் அழுத்தி 11 இடங்களிலாவது நோவு தோன்றினாற்றான் நோய் உறுதியாகும். 2010இல் வந்த புதிய அளவுகோல் அப்புள்ளிகளைக் கைவிட்டு, நோயாளர் சொல்லும் குறிகளை ஆதாரமாக்கியது. விரலால் அழுத்துவதை விட்டு வாயால் வினவ வைத்தியத்துக்கு இருபது ஆண்டுகள் சென்றன.

அதுவரை நோயாளரிடம் மொழி இல்லாமலா இருந்தது? மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வினாக்கொத்தில், நோவின் தன்மையைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்கள் 20 பிரிவுகளாக அடங்கியுள்ளன. நம் மொழியையே எடுத்துக்கொள்வோம். குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு, குடைச்சல், இழுப்பு என்ற சொற்களில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை நம் வீட்டு மூதாட்டி ஒருபோதும் வைக்கமாட்டார். சொல் உண்டு. அதற்கு மதிப்பளிக்கும் செவிதான் இல்லை.

பிரித்தானியாவில் கஞ்சா மருந்தாகிய வரலாறும் இவ்வுண்மையையே மெய்ப்பிக்கின்றது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஓஷானெசி, இந்திய வைத்தியர்களிடம் கேட்டறிந்து, வாதநோவு முதலியவற்றுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1839இல் எழுதினார். காலனித்துவ நாட்டின் அறிவு இவ்வாறு ஆங்கிலேயர் மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. 1971ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தை அடுத்து அது வைத்தியத்திலிருந்து விலக்கப்பட்டது. வைத்தியர் அதை எழுதிக்கொடுக்க இடமளிக்க வேண்டுமெனப் பிரபுக்கள் சபைக் குழு 1998இல் பரிந்துரைத்தும் அரசு அசையவில்லை. வலிப்பு நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் நடத்திய போராட்டத்தின் பின்னரே, 2018 நவம்பரில் விசேட வைத்தியர்களுக்கு அவ்வுரிமை கிடைத்தது.

உரிமை கிடைத்தது, மருந்து கிடைத்ததா? மறு ஆண்டிலேயே, தேசிய சுகாதார சேவைக்கு நெறிகளை வகுக்கும் நிறுவனமான நைஸ், நீடித்த நோவுக்குக் கஞ்சா மருந்துகளைக் கொடுக்கவேண்டாமென அறிவுறுத்தியது. கஞ்சாவின் ஒரு கூறாகிய கனபிடியோலை ஆய்வுப் பரிசோதனைகளில் மட்டும் அனுமதித்தது. பயன் சிறிது, செலவு பெரிது என்பது காரணம். இக்காரணத்தை நாம் எள்ளி நகையாட முடியாது. 2017இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்களின் அறிக்கை, நீடித்த நோவுக்குக் கஞ்சா பயன்தரும் என்பதற்குக் கணிசமான சான்று உண்டு என்றது. சர்வதேச நோவு ஆய்வுச் சங்கமோ 2021இல் அதை அங்கீகரிக்க மறுத்தது. ஒல்லாந்தின் லெய்டன் நகரில் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளர் 20 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், அழுத்தும்போது எழும் நோவைத் தாங்கும் திறன் சில கஞ்சா வகைகளால் உயர்ந்தது. தானாக எழும் நோவைக் குறைப்பதில் எவ்வகையும் போலி மருந்தை விஞ்சவில்லை. மயக்கம், தலைச்சுற்று, சிலருக்கு மனநோய் அபாயம் என்பனவும் உண்டு. கஞ்சாவைச் சர்வரோக நிவாரணியாகப் போற்றுவது அறிவியலன்று.

ஆனால் சான்று போதாது என்ற நியாயம் பொதுவைத்தியசாலையின் கதவை மட்டுமே மூடியது. தனியார் சிகிச்சை நிலையங்களின் கதவு திறந்தே இருக்கின்றது. அங்கே பணம் செலுத்துபவரின் நோவை ஆறுதலாகக் கேட்கின்றார்கள், மருந்தும் எழுதிக்கொடுக்கின்றார்கள். பணமில்லாதவர் நோவைச் சகிக்கவேண்டும், அல்லது சந்தியில் நிற்கும் விற்பனையாளனிடம் போகவேண்டும். ஒரே செடி ஒருத்திக்கு மருந்து, மற்றொருத்திக்குக் குற்றம். அறிவியலுக்காகக் காத்திருக்கும் பொறுமை ஏழையிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுகின்றது. அந்த அறிவியலை விரைவாக வளர்க்கப் பொதுப்பணத்தில் பரந்த ஆய்வுகளை நடத்துவது அரசின் கடன் அல்லவா?

எனவே நோவு மொழியை அழிக்கின்றது என்ற ஸ்காரியின் முடிபை நாம் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. உச்சகட்ட வேதனையில் அது உண்மையாகலாம். நாள்தோறும் தொடரும் நோவில் மொழி அழிவதில்லை, அது அலட்சியப்படுத்தப்படுகின்றது. அலட்சியத்துக்குக் காரணம் இலக்கணமன்று, சமுதாய அமைப்பு.

இது பிற நாட்டின் கதை என்று நாம் வாளாவிருத்தல் தகாது. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் தாங்கி மலைச்சரிவில் நிற்கும் பெண்ணின் கழுத்து நோவையும், ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவளின் தோள் உளைவையும் நம் கதைகள் எத்தனை முறை செவிமடுத்தன? இரக்கத்தைத் தூண்டும் ஓர் அடைமொழியோடு அவர்களை விட்டுவிடுவது எழுத்தாளரின் பணியன்று. அவர்கள் சொல்லும் சொல்லை அவர்கள் சொன்னபடியே ஏற்று, அந்நோவுக்குக் காரணமான வேலை நேரத்தையும் கூலியையும் வைத்தியசாலை வரிசையையும் அதனோடு சேர்த்து எழுதுவதே பணி. புதிய மொழியைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. அம்மொழி மக்களிடம் இருக்கின்றது. கேட்கும் செவியை முதலில் இலக்கியம் பெறட்டும்.