தனிமை என்றொரு பெயர்

பெயரே தீர்ப்பாகிவிடுவதும் உண்டு. 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஆட்டிசம்' என்னும் பெயரை ஆக்கியவர் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ப்ளாய்லர். 1943இல் லியோ கானர் அதனைச் சில குழந்தைகளின் இயல்புக்குச் சூட்டினார். அரபியில் 'தவஹ்ஹுத்' என்பர். 'வாஹித்' பிறந்த அதே வேர்ச்சொல்லினின்று வந்த அதற்குத் தனித்திருத்தல் என்று பொருள். தமிழில் 'மதியிறுக்கம்' என்கிறோம். யாவும் வெளியே நின்று பார்த்தோர் இட்ட பெயர்கள். இப்பெயருக்குரியோர் தாமே ஒரு சமுதாயத்தை அமைப்பின் அது எவ்வாறிருக்கும்?

இவ்வினாவுக்கு அனுபவத்தால் விடை கூறுகிறது, அமெரிக்கரான ஜிம் சின்க்ளேர் 2005இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரை. ஆட்டிசம் உடைய இவரும் தோழர்களும் 1992இல் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். 1996 முதல் 'ஆட்ரீட்' என்னும் கூடுகையை நடத்தினர். சில நாள்களே நிலவும் சிற்றூர் என அதனைக் கூறலாம். அங்கே நறுமணப் பூச்சுகள் தவிர்க்கப்பட்டன. மார்பில் சிவப்பு அட்டை அணிந்தவரிடம் எவரும் பேச்சைத் தொடங்கலாகாது; மஞ்சள் அணிந்தவரிடம் முன்பே அறிந்தவர் மட்டும் பேசலாம். பச்சையோ, 'பேச விழைகிறேன்; தொடங்க இயலவில்லை; நீங்களே தொடங்குங்கள்' என்று பொருள்படும்.

அந்தப் பச்சை அட்டையை எண்ணிப் பாருங்கள். தனிமையையே விரும்புவோர் என்று உலகம் முடிவு கட்டிய மக்கள், உறவுக்கு ஒரு வாயில் அமைத்திருக்கின்றனர். நாவால் பேச இயலாதவரும் அதனால் தம் கருத்தை உணர்த்தலாம். முகக்குறிப்பை ஊகித்தறியும் சுமையை நீக்கினால் நட்பு எளிதாகும் என்பதே அதன் தத்துவம்.

எனினும் இம்முயற்சி விடை காணாத வினாவும் ஒன்றுண்டு. மனம் அமைதியுற ஓயாது ஒலியெழுப்புவார் ஒருவர். சிற்றொலியும் காதைத் துளைக்க வருந்துவார் மற்றொருவர். இருவரும் ஆட்டிசம் உடையோரே. எவருக்காகச் சட்டம் இயற்றுவது? ஒரே இயல்பினர் கூடினாலும் தேவைகள் ஒன்றாவதில்லை. அன்றியும், முகாம் சில நாள்களில் கலைந்துவிடும். உழைப்பும் ஊதியமும் முதுமையும் அதன் வேலிக்கு வெளியே காத்திருக்கும்.

இக்குறையால் அம்முயற்சியின் மதிப்புக் குன்றாது. எவரும் குறைவற்ற நகரத்தைக் கட்டியதில்லை. 'உனக்கு எது இயலும், எது இயலாது?' என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் பின் ஒழுங்குகளை வகுப்பதே இவர்கள் காட்டிய நெறி. அதனைக் கைக்கொள்ளத் தனியூர் வேண்டுவதில்லை. ஒரு வீடு போதும்.