கூவக் கரையின் குவிமாடங்கள்

பிள்ளைச்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை சென்று, பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்துள் நுழையும்போதெல்லாம் செனட் மாளிகையின் முன் சற்று நின்றுவிடுவது என் வழக்கம். ராபர்ட் சிஷோம் வரைந்து, 1874 முதல் 1879 வரை எழுப்பப்பட்ட கட்டடம் அது. அதனை இஸ்லாமியக் கலையின் கொடையெனப் பெருமிதத்துடன் எழுதுவோர் நம்மவரிலும் உளர். அக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை.

இப்பாணிக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் இந்தோ-சாரசெனிக். அரபியர் தம்மைச் ‘சாரசென்’ என ஒருபோதும் அழைத்துக்கொண்டதில்லை. பெயர் போன்றே குவிமாடமும் வளைவும் பிறர் கையில் புறத்தோற்றத்துக்கு அணியாயின. பைசாந்தியக் கூறுகளும் உடன் கலந்தன. சிஷோமின் திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. செங்கல்லில் இத்துணைக் கம்பீரம் எளிதில் வாய்ப்பதன்று. ஆயின், அணிக்குரியோர் என்ன ஆயினர்?

அருகிலுள்ள சேப்பாக்கம் அரண்மனை 1768-இல் நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்காக எழுந்தது. அதனைக் கட்டியவராகக் கூறப்படும் பால் பென்ஃபீல்டே நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர்களுள் ஒருவர். 1855-இல் நவாப் குலாம் முஹம்மது கவ்ஸ் கான் வாரிசின்றி மறைந்தார். கடனுக்காக அரண்மனை விலைபோயிற்று, வாங்கியது அரசே. அவர் மறைந்த ஈராண்டில், 1857-இல், பல்கலைக்கழகம் தோன்றிற்று.

வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்தவர் லக்னோ ஃபிரங்கி மஹல் மேதை மௌலானா அப்துல் அலீ ‘பஹ்ருல் உலூம்’. உஸூலுல் ஃபிக்ஹில் அவர் இயற்றிய ‘ஃபவாத்திஹுர் ரஹமூத்’ அரபுலகிலும் மதிக்கப்படும் விரிவுரை. 1810-இல் இந்நகரிலேயே மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார். செனட் மாளிகையின் குவிமாடத்தை வியக்கும் என் மாணவருள் அவர் பெயரைக் கேட்டறிந்தவர் மிகச் சிலரே. கட்டடத்தை நம்முடையதென உரிமை கொண்டாடுவோரும் அவரைக் குறிப்பிடுவதில்லை. என் மனத்தாங்கல் இதுவே.

ஆறும் இவ்வாறே மறக்கப்பட்டது. பக்தாதில் ஹிஜ்ரி 631-இல் (கி.பி. 1234) திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸா திஜ்லா நதிக்கரையில் நான்கு மத்ஹபுகளையும் ஒரு கூரையின்கீழ்ப் போதித்தது. இன்று கிரீனிச் பல்கலைக்கழகம் இயங்கும் தேம்ஸ் கரைக் கட்டடங்களை வரைந்த கிறிஸ்டோபர் ரென், பின்னிருந்த அரசி மாளிகைக்கு ஆற்றின் காட்சி மறையலாகாதென்று அவற்றை இரு பகுதிகளாகப் பிரித்தார். நம் வளாகத்திலோ கூவத்தைக் கண்ணைவிட மூக்கே முதலில் அறிகிறது.

2012 ஜனவரியில் தீக்கிரையான கலஸ் மஹால் பின்னர் நன்முறையில் சீரமைக்கப்பட்டது, மகிழ்ச்சியே. நான் இப்போது மாணவரை அழைத்துச் செல்லும்போது செனட் மாளிகையோடு திரும்புவதில்லை. வாலாஜா சாலை வழியே பள்ளிவாசல்வரை நடத்திச் செல்கிறேன். வெயிலைப் பற்றி முணுமுணுப்பார்கள். அந்த அடக்கத்தலத்தை அடைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.